தேயிலைப் பெட்டியும் மின்கிட்டாரும்
(பிரிட்டிஷ் இசைக்குழுக்களின் வரலாறு)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

முன்னுரை

நம் கல்லூரி வளாகத்தில் நடந்தால் பத்துப் பேரில் ஒருவராவது நெஞ்சில் ஒரு படம் போட்ட பனியன் அணிந்திருப்பதைக் காணலாம். கறுப்புத் துணியில் ஒரு முப்பட்டகம். ஒரு புறம் வெண்ணிற ஒளிக்கற்றை நுழைகிறது, மறு புறம் நிறங்களாகப் பிரிந்து வெளியேறுகிறது. "இது என்ன?" என்று கேட்டால், "இயற்பியல்" என்பார் சிலர், "சும்மா, டிசைன்" என்பார் பலர். அது ஒரு பிரிட்டிஷ் இசைக்குழு 1973இல் வெளியிட்ட இசைத்தட்டின் மேலுறை என்பது அணிந்திருப்பவருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. குழுவின் பெயர் பிங்க் ஃபிளாய்ட். இயற்பியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன்: அந்தப் படத்தில் ஆறு நிறங்களே உள்ளன. கருநீலத்தை ஓவியர் விட்டுவிட்டார்!

பெயரும் படமும் உலகம் முழுவதும் பரவிவிட்டன. வரலாறுதான் நம்மிடம் வந்து சேரவில்லை. தமிழ்நாட்டைவிடப் பரப்பில் இருமடங்குகூட இல்லாத ஒரு தீவு, இரண்டாம் உலகப் போரில் குண்டுகளால் இடிந்து, பங்கீட்டு அட்டைக்கு வரிசையில் நின்ற ஒரு நாடு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் உலக இளைஞர்களின் காதுகளை எப்படிக் கைப்பற்றியது? "பிறவி மேதைகள் சிலர் அங்கே பிறந்தனர்" என்பது எளிய விடை. அவ்விடை போதாது என்பதே என் கருத்து. பஸ் நடத்துநர் மகனும் தகரத் தொழிற்சாலைப் பையனும் கையில் கிட்டார் ஏந்திய கதைக்குப் பின்னால் பள்ளிக்கூடமும் உதவித்தொகையும் மின்காந்தத் தூண்டலும் கூலித் தகராறும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தேயிலைப் பெட்டி

பிரிட்டனில் உணவுப் பங்கீடு முற்றிலும் நீங்கியது 1954 ஜூலையில்தான். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் வரை இறைச்சிக்கே அட்டை இருந்தது என்றால், வீட்டில் பியானோ வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அந்நிலையில் லோனி டோனிகன் என்ற பாடகர் 'ராக் ஐலண்டு லைன்' என்னும் ரயில் பாட்டைப் பதிவு செய்தார். 1956இல் அது நாடெங்கும் ஒலித்தது. அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலச் சிறையில் கறுப்பினக் கைதிகள் பாட, 1934இல் பதிவு செய்யப்பட்ட பழைய பாட்டு அது. மூன்று நான்கு சுரக்கூட்டுகள் தெரிந்தால் எவரும் வாசித்துவிடலாம். இந்த எளிய இசைக்கு 'ஸ்கிஃபில்' என்று பெயர்.

இதற்கு வேண்டிய கருவிகளைக் கேட்டால் வியப்பீர்கள். ஒரு மலிவுக் கிட்டார். துணி துவைக்கும் நெளிதகரப் பலகை ஒன்று. விரல்களில் தையற்காரர் அணியும் விரலுறைகளை மாட்டிக்கொண்டு அதைத் தேய்த்தால் தாளம் கிடைக்கும். மந்தர சுருதிக்கு ஒரு தேயிலைப் பெட்டி! ஒட்டுப்பலகையால் ஆன காலிப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பு ஒன்றை நிறுத்தி, இரண்டுக்கும் இடையே ஒரு கயிற்றைக் கட்டி மீட்டுவார்கள். அஸ்ஸாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை சுமந்து கப்பலேறிய பெட்டிகள் அவை. இலங்கை மலைநாட்டில் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பறித்த கொழுந்தும் அவற்றில் போயிருக்கத்தான் வேண்டும். பெட்டி வெறுமையான பிறகு அது பிரிட்டிஷ் பையன்களின் முதல் வாத்தியமாயிற்று.

ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஸ்கிஃபில் குழுக்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. ஆனால் "பாட்டைக் கேட்பது மட்டுமல்ல, நாமே செய்யலாம்" என்ற துணிவை அவை விதைத்துச் சென்றன.

லிவர்ப்பூல் நால்வர்

அப்படி முளைத்தவற்றுள் ஒன்று, லிவர்ப்பூல் துறைமுக நகரில் ஜான் லென்னன் என்ற பள்ளி மாணவர் 1956இல் தொடங்கிய குவாரிமென். 1957 ஜூலை 6 அன்று ஊல்ட்டன் என்னும் பகுதியின் தேவாலய விழாவில் இக்குழு வாசித்தது. அன்று லென்னனுக்கு அறிமுகமானவர் 15 வயது பால் மெக்கார்ட்னி. மறு ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். இவர் தந்தை பஸ் நடத்துநராக இருந்து ஓட்டுநரானவர். நான்காமவர் ரிங்கோ ஸ்டார். சிறு வயதில் வயிற்று நோயாலும் பின்னர் காசநோயாலும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். படிப்பு போயிற்று, ஆனால் நோயாளிச் சிறுவர்களுக்காக மருத்துவமனையில் நடத்தப்பட்ட வாத்தியக் குழுவில்தான் அவர் முரசு தட்டக் கற்றார். லென்னனும் மெக்கார்ட்னியும் இளமையிலேயே தாயை இழந்தவர்கள்.

1960 ஆகஸ்டில் இவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார்கள். (ரிங்கோ அப்போது வேறு குழுவில் இருந்தார், பீட்டில்ஸில் 1962இல்தான் சேர்ந்தார்.) ஒரு திரையரங்கின் பின்புறம், கழிப்பறைக்கு அடுத்த இருட்டறையில் படுக்கை. இரவு விடுதியில் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் நின்றபடி வாசிக்க வேண்டும். ஹாரிசனுக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்று போலீசார் திருப்பி அனுப்பினர். எனினும் அந்த மாதங்களில் கிடைத்த பயிற்சியை எந்த இசைக் கல்லூரியும் கொடுத்திருக்க முடியாது.

1962 ஜனவரி முதல் நாள் டெக்கா நிறுவனத்தில் 15 பாட்டுகள் பாடிக் காட்டினார்கள். நிறுவனம் வேண்டாமென்றது. இ.எம்.ஐ. நிறுவனத்தில் ஜார்ஜ் மார்ட்டின் என்ற தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். அவர் ஒரு தச்சரின் மகன். போர்ப்பணி முடித்தோருக்கான அரசு உதவித்தொகையில் இசைக்கல்லூரியில் படித்தவர். முதல் இசைத்தட்டு 1962 அக்டோபர் 5இல் வெளிவந்தது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவர்களைக் கண்டோர் சுமார் 7 கோடியே 30 இலட்சம் பேர். அதே ஆண்டு ஏப்ரல் 4இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் இவர்களுடையவை!

பள்ளியும் உதவித்தொகையும்

இந்த இடத்தில் சற்று நிற்போம். இவர்களுக்கு முந்தைய தலைமுறையில் பஸ் நடத்துநர் மகனின் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும்? பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போயிருப்பார்.

1944இல் பிரிட்டனில் வந்த கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி எல்லோருக்கும் ஆக்கியது. மெக்கார்ட்னியும் ஹாரிசனும் தேர்வெழுதி நல்ல பள்ளியில் இடம் பெற்றது இதனால்தான். 1962இல் வந்த மற்றொரு சட்டம், பட்டப்படிப்புக்கு இடம் பெற்ற மாணவர்களின் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையையும் உள்ளாட்சி அமைப்புகள் வழங்க வேண்டுமென்று விதித்தது. கட்டாய இராணுவப் பணிக்கு ஆள் எடுப்பது 1960இல் நின்றது. இளமையின் இரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன.

நகருக்கு நகர் இருந்த ஓவியக் கல்லூரிகளையும் மறக்கக் கூடாது. பள்ளித் தேர்வில் பெரிய மதிப்பெண் வாங்காத, ஆனால் கையில் ஏதோ திறமை இருந்த பிள்ளைகளை அவை சேர்த்துக்கொண்டன. லென்னன் லிவர்ப்பூல் ஓவியக் கல்லூரியிலும், ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் சிட்கப்பிலும், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் பின்னாளில் குவீன் குழுவின் ஃபிரெட்டி மெர்க்குரியும் ஈலிங்கிலும், கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் ஹார்ன்ஸியிலும் ஓவியம் படித்தவர்கள். இவர்களில் பெரிய ஓவியர் எவரும் தேறவில்லை. ஆனால் பயிற்சிக்கு நேரம் கிடைத்தது. ஒத்த மனத்துத் தோழர் கிடைத்தனர்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவன் நான். அரசுக் கல்லூரி இல்லையென்றால் இந்த மலரில் நான் எழுதியிருக்க மாட்டேன். ஆகவே இப்பகுதியைப் படித்தபோது எனக்கு அது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. மேதைமை என்று நாம் சொல்வதில் பாதி, வேலைக்குப் போகாமல் கற்றுக்கொள்ளக் கிடைத்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் போலும்!

கிட்டாருக்குள் ஃபாரடே

இனி இயற்பியலுக்கு வருவோம். மின்கிட்டார் அமெரிக்கர் உருவாக்கியது. ஆயினும் அதன் உயிர் இலண்டனில் பிறந்தது. கொல்லர் ஒருவரின் மகனும், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவருமான மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் விதியே அது.

கிட்டாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் சிறு காந்தங்கள் உள்ளன. அவற்றைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். காந்தப்புலத்தில் எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. மாறும் பாயம் மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது. கம்பியின் அதிர்வெண் எதுவோ அதுவே மின்னழுத்தத்தின் அதிர்வெண்ணும் ஆகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஓசை. நாம் ஆய்வகத்தில் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்துக் கால்வனோமீட்டர் முள்ளை ஆட்டுகிறோமே, அதே செய்கைதான்!

பெருக்கும் கருவி சிறியதாக இருந்ததால், மேற்கு இலண்டனில் முரசுக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் தம் கடையிலேயே பெருக்கிகளைச் செய்யத் தொடங்கினார். கடைக்கு வந்த டவுன்ஷெண்டு போன்ற இளைஞர்கள் "இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக" என்று கேட்கக் கேட்க, ஆளுயரப் பெட்டிகள் மேடை ஏறின.

தெளிவான ஓசை அலுத்தபோது இன்னொரு வழி பிறந்தது. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவர பிளேடால் தம் சிறிய ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைக் கீறிவிட்டார். சீராக அதிர வேண்டிய கூம்பு சிதறி அதிர்ந்தது. மூலச் சுருதியோடு மேற்சுரங்கள் பல சேர்ந்து கரகரத்தன. 1964இல் வெளிவந்த அந்தப் பாட்டின் கரகரப்பை, பின்னர் வந்த கிட்டார் கலைஞர்கள் கருவி வாங்கிச் செய்துகொண்டார்கள். பொறியாளர் குறை என்று நீக்குவதைக் கலைஞர் குணமாக்கிக் கொண்டார்!

ஒரு நாளும் ஐந்து மாதமும்

பீட்டில்ஸ் தங்கள் முதல் நீள்தட்டின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 என்ற ஒரே நாளில் பதிவு செய்தனர். மேடையில் வாசிப்பதை அப்படியே நாடாவில் பிடிப்பதுதான் அன்றைய முறை. 1966 ஆகஸ்டு 29இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததோடு மேடைச் சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை! அதன்பின் 1967இல் வெளிவந்த 'சார்ஜெண்ட் பெப்பர்' தட்டுக்குச் சுமார் ஐந்து மாதங்கள் ஆயின.

காரணம் பல்தடப் பதிவு. ஒரே நாடாவில் நான்கு தடங்கள். ஒன்றில் முரசு, ஒன்றில் கிட்டார், ஒன்றில் குரல் என்று தனித்தனியே பதியலாம். நான்கும் நிரம்பினால் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஒரே தடத்தில் ஏற்றிவிட்டு, மீதித் தடங்களில் மேலும் பதியலாம். ஒலிப்பதிவுக் கூடம் சாட்சியாக இருந்த நிலை மாறி, அதுவே ஒரு வாத்தியமாயிற்று. கென் டவுன்செண்டு என்ற பொறியாளர், ஒரே குரலை இரண்டு முறை பாடியதுபோல் கேட்கச் செய்யும் முறையை 1966இல் கண்டறிந்தார். பாடகரின் பெயரை அறிந்தோர் கோடி. இப்பொறியாளரின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

யாருடைய பாட்டு? யாருக்குப் பணம்?

1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்தித்தார்கள். சிறுவயதுத் தோழர்களாயினும், அன்று அவர்களைப் பேச வைத்தவை ஜாகரின் கக்கத்தில் இருந்த சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்தே தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் பருத்திக்காட்டிலும் சிகாகோ ஆலைப்பகுதியிலும் வளர்த்த 'புளூஸ்' இசையே இப்பிரிட்டிஷ் குழுக்களின் தாய்ப்பால். அந்நாட்டு வெள்ளையர் வானொலிகள் ஒதுக்கிய இசையை இவர்கள் கற்று, அந்நாட்டுக்கே திருப்பி விற்றார்கள்.

இதில் பெருமையும் உண்டு, கடனும் உண்டு. 1965 மே மாதம் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட ஸ்டோன்ஸ் அழைக்கப்பட்டபோது, ஹவ்லின் உல்ஃப் என்னும் கறுப்பின மூத்த கலைஞரையும் மேடையேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அவர் பாடும்போது காலடியில் அமர்ந்து கேட்டார்கள். இது பெருமை. லெட் செப்பெலின் குழு 1969இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற பாட்டில் தம் வரிகள் இருப்பதாக வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். சமரசத்தில் முடிந்து, அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் சேர்ந்தது. இது கடன்.

ஏமாந்தவர்களில் பிரிட்டிஷ் இளைஞர்களும் உண்டு. பீட்டில்ஸின் முதல் ஒப்பந்தப்படி இசைத்தட்டு ஒன்றுக்கு அவர்கள் தரப்புக்குக் கிடைத்தது ஒரு பென்னி. 1963இல் லென்னன்–மெக்கார்ட்னி பாட்டுகளுக்காக ஏற்பட்ட நார்தர்ன் சாங்ஸ் பதிப்பு நிறுவனத்தில் பாதிப் பங்கு பதிப்பாளர் தரப்பிடம் இருந்தது. 1969இல் அது ஏ.டி.வி. நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1985இல் ஏ.டி.வி. இசைப் பிரிவையே மைக்கேல் ஜாக்சன் 4 கோடியே 75 இலட்சம் டாலருக்கு வாங்கினார். தாம் எழுதிய பாட்டு தமக்கே சொந்தமில்லாத நிலை! நியூகாசில் நகரின் அனிமல்ஸ் குழு 1964இல் ஒரு பழைய நாட்டுப்பாட்டை ஐவரும் சேர்ந்து புதுப்பித்தது. தட்டில் அச்சானதோ ஆலன் பிரைஸ் என்ற ஒருவர் பெயர். பாட்டமைப்புக்கான பணமும் அவருக்கே சென்றது. படித்துப் பார்க்காமல் போடும் கையெழுத்துக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

விரல் இழந்த தொழிலாளி

பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதி ஆலைகள் நிறைந்தது. அங்கே டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இசையே தொழிலென முடிவு செய்து, வேலையை விடும் கடைசி நாள் அன்று, எந்திரம் அவர் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவர் கிட்டார்க் கம்பிகளை அழுத்துவது அந்த வலக்கையால்தான்.

இனி வாசிக்க முடியாது என்று கிடந்தவருக்கு, மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ராயின்ஹார்ட். தீ விபத்தில் கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தபின் இரண்டே விரல்களால் கிட்டாரை ஆண்டவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல்களுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த கம்பிகளை அழுத்த முடியாததால் மெல்லிய கம்பிகளைக் கட்டினார்; பிற்பாடு கம்பிகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். சுரமானியில் நாம் படித்ததுதான்: இழுவிசை குறைந்தால் அதிர்வெண் குறையும். அப்படித் தாழ்ந்த சுருதியில் பிறந்த கனத்த, இருண்ட ஓசைதான் பிளாக் சப்பாத் குழுவின் அடையாளம். 1970 பிப்ரவரியில் அவர்களின் முதல் தட்டு வெளிவந்தது. 'ஹெவி மெட்டல்' என்னும் இசைவகைக்கு அதுவே தொடக்கம் என்பர் பலர். இறைச்சிக்கூடத்தில் வேலை செய்த ஓஸி ஆஸ்போர்ன் இதன் பாடகர். 2025 ஜூலை 5 அன்று, வளர்ந்த ஆஸ்டன் மண்ணிலேயே கடைசியாகப் பாடிவிட்டு, அதே மாதம் 22ஆம் நாள் காலமானார்.

நான்கு பட்டதாரிகள்

அறிவியல் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய குழு குவீன். ஃபிரெட்டி மெர்க்குரியின் இயற்பெயர் பரூக் புல்சாரா. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் 1946இல் பிறந்து, நம் நாட்டில் பஞ்ச்கனி உறைவிடப் பள்ளியில் படித்தவர். 1964இல் சான்சிபார்ப் புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். ஓவியக் கல்லூரிப் பட்டதாரி. ஜான் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி. குப்பைத் தொட்டியில் கிடந்த மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்துவந்து பெருக்கி செய்துகொண்டவர். ரோஜர் டெய்லர் பல் மருத்துவத்தில் தொடங்கி உயிரியலில் பட்டம் பெற்றவர்.

பிரையன் மே இயற்பியல்காரர். கடைக் கிட்டார் வாங்க வசதியில்லாததால் 1963இல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம்; விற்சுருளுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகளில் உருவான அந்தக் கிட்டாரையே உலக மேடைகளில் வாசித்தார்; மீட்டுவதற்கு ஆறு பென்னி நாணயம்! இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் ஆய்வை 1970இல் தொடங்கிப் பாதியில் விட்டவர், கோள்களிடைத் தூசுமேகம் பற்றிய அந்த ஆய்வேட்டை 60 வயதில் முடித்து 2007இல் முனைவரானார். "இனி எங்கே படிப்பது?" என்று சொல்லும் நம்மவர் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

வேலையில்லாக் காலத்தின் குரல்

எழுபதுகளின் நடுவில் நிலைமை மாறியது. ஆலைகள் மூடின, 1976இல் வேலையில்லாதோர் 10 இலட்சத்துக்கும் மேல். பெரிய குழுக்களோ கோடீசுவரர்களாகி, இருபது நிமிடப் பாட்டுகள் வாசித்துக்கொண்டிருந்தன. இதற்கு எதிர்ப்பாக எழுந்தது 'பங்க்' இசை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1977இல் அரசியின் வெள்ளிவிழா நாளில் அரசியையே சாடிப் பாடியது, பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தும் தட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது. மூன்று சுரக்கூட்டு போதும் என்ற ஸ்கிஃபில் காலத் துணிவு மீண்டும் வந்ததெனலாம்.

பர்மிங்காமில் 1978இல் தோன்றிய ஒரு குழு தன் பெயரையே 'யு.பி. 40' என்று வைத்துக்கொண்டது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு நிரப்பும் படிவத்தின் எண் அது!

இக்காலத்தில் இனவெறியும் தலைதூக்கியது. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். கறுப்பினத்தாரின் புளூஸ் இசையால் புகழடைந்தவர் வாயிலிருந்து அச்சொற்கள் வந்தது பலரைத் துணுக்குறச் செய்தது. அதற்கு மறுமொழியாக 'இனவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரவர் முன் கிளாஷ் முதலிய குழுக்கள் வாசித்தன. கார்த் தொழிற்சாலைகள் நலிந்த கோவென்ட்ரி நகரின் ஸ்பெஷல்ஸ் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்தனர். வெறிச்சோடிய நகரைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டு, 1981 ஜூலையில் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது விற்பனையில் முதலிடத்தில் இருந்தது.

நம் நாட்டுத் தொடர்பு

ஹாரிசன் 1965இல் ஒரு பாட்டுக்கு சிதார் வாசித்தார். மறு ஆண்டு பண்டிட் ரவிசங்கரிடம் முறையாகப் பயின்றார். வங்கதேச அகதிகளுக்காக இருவரும் சேர்ந்து 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சி, பின்னர் வந்த உதவிக் கச்சேரிகளுக்கெல்லாம் முன்னோடி. 1985 ஜூலை 13இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த 'லைவ் எய்டு' அவ்வழியில் வந்ததே.

இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் எழுபதுகளில் 'சக்தி' குழுவை அமைத்தார். சிதாரைச் சுவைக்காகத் தூவாமல், நம் தாளக் கணக்கையே அடித்தளமாக்கிய முயற்சி அது. புதிய கலைஞர்களோடு மீண்டும் இயங்கிய சக்தி, 2024இல் கிராமி விருது பெற்றது.

பின்னர் நடந்தவை

எண்பதுகளில் மின்னணு இசைக்கருவிகள் மலிவாகி, டிபெஷ் மோட், நியூ ஆர்டர் போன்ற குழுக்கள் கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளின. தொண்ணூறுகளில் கிட்டார் திரும்பியது. 1995 ஆகஸ்டில் பிளர், ஒயாசிஸ் இரு குழுக்களும் ஒரே நாளில் தட்டு வெளியிட, நாளேடுகள் அதைத் தேர்தல் போலவே நடத்தின. அவ்வாரம் பிளர் வென்றது. மறு ஆண்டு நெப்வொர்த்தில் ஒயாசிஸைக் காண இரண்டு இரவுகளில் திரண்டோர் இரண்டரை இலட்சம் பேர். 2007இல் ரேடியோஹெட் குழு தன் புதிய தொகுப்பை இணையத்தில் வைத்து, "விரும்பிய விலை கொடுங்கள்" என்றது.

1998இல் இங்கிலாந்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் வந்தது. வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் அதையடுத்துக் கடனாக மாறியது. பஸ் ஓட்டுநர் மகனுக்குத் திறந்திருந்த கதவு சற்றே சாத்தப்பட்டது என்று நான் எண்ணுகிறேன்.

2023 நவம்பர் 2இல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு வெளிவந்தது. லென்னன் 1980இலும் ஹாரிசன் 2001இலும் மறைந்துவிட்டார்கள். எழுபதுகளில் லென்னன் வீட்டில் பதிந்த நாடாவில் பியானோ ஓசையில் அமுங்கிக் கிடந்த குரலை, கணினி கற்றல் முறையால் தனியே பிரித்தெடுத்தார்கள். ஸ்கிஃபில் காலத்தில் கயிறு கட்டித் தொடங்கியவர்களின் கதை கணினியில் வந்து நின்றது.

முடிவுரை

நண்பர்களே! இவ்வரலாற்றில் நான் கண்டவை மூன்று. முதலாவது, வறுமை கலையை வளர்க்கவில்லை. வறியவர்க்குக் கிடைத்த பள்ளியும் ஓய்வும் உதவித்தொகையுமே வளர்த்தன. நோய்ப்படுக்கையில் இருந்த ரிங்கோவுக்கும் யாரோ ஒருவர் ஒரு முரசைக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, குறையைக் கருவியாக்கும் மனம். கீறிய கூம்பும் வெட்டுண்ட விரலும் புதிய ஓசையைத் தந்தன. மூன்றாவது, கலை எவரிடமிருந்து வந்ததோ அவர்க்கு உரிய பெயரும் கூலியும் சேர வேண்டும். அர்க்கன்சாஸ் சிறையில் பாடிய கைதிகளுக்கு அவை சேரவே இல்லை.

நம் கல்லூரியில் பாடத் தெரிந்தவர், பறை அடிக்கத் தெரிந்தவர், பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் பலர் இருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும் இரண்டு ஒலிபெருக்கியும் அவர்களுக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை யார் அறிவார்? அந்த அறையின் சாவியைக் கல்லூரி நிர்வாகம் மாணவர் பேரவையிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு இக்கட்டுரையை முடிக்கிறேன்.